வேடமும் பித்தும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைக் கல்லூரிக் காலத்திலிருந்து வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

சில மாதங்களாக 'லார்ட் ஆஃப் தி மிஸ்டரீஸ்' என்ற சீன இணையநாவலை ஆங்கிலத்தில் வாசித்தேன். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் பஸ்ஸில், ராத்திரி தூங்கும்முன், எல்லாம் மொபைலில்தான். கிட்டத்தட்ட 1,400 அத்தியாயங்கள். சென்ற வாரம் முடித்தேன். முதல் தொகுதியின் கடைசியில் நாயகனின் குழுத்தலைவர் டன் ஸ்மித் இறக்கும் இடத்தில் பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது.

எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஒரு நண்பர், "ஒன்பதாம் படியிலிருந்து பூஜ்யத்துக்கு ஏறுகிறான், அவ்வளவுதானே கதை? இது வீடியோ கேம். இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் ஐந்தாறு தொகுதிகளுக்குமேல் எனக்கே பல இடங்களில் அலுப்புத் தட்டியது. சில அத்தியாயங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அப்படியென்றால் முதலில் அழுதது பொய்யா?

இந்த நாவலில் எது பலம், எது பலவீனம் என்று நீங்கள் எழுதினால் உதவியாக இருக்கும். தமிழில் இப்படி ஒன்றை எழுத வேண்டும் என்று ஆசை இருக்கிறது. அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்,

டன் ஸ்மித்துக்காக நீங்கள் கலங்கியது பொய்யில்லை. பின்னால் அலுத்ததும் பொய்யில்லை. இரண்டுக்கும் காரணம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. நானும் அதை ஆங்கில மொழிபெயர்ப்பில் முழுதாக வாசித்தவன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாவலின் முதல் இரண்டு தொகுதிகள் எந்த மொழியின் நல்ல மிகுபுனைவுக்கும் பக்கத்தில் வைக்கத் தகுந்தவை. அதற்குப் பிறகும் உச்சங்கள் வருகின்றன. ஆனால் தன்னைத் தனித்துக் காட்டிய ஒன்றை நாவல் மெல்ல மெல்லக் கைநழுவ விடுகிறது. அது என்ன என்று சொல்லத்தான் இந்தப் பதில். கதையின் முடிவுவரை பேசப்போகிறேன். இனிமேல்தான் வாசிக்கப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 'முக்குளிக்க விரும்பும் கணவாய்' என்று பொருள்வரும் புனைபெயரில் எழுதும் சீன எழுத்தாளர் இதை ச்சிதியன் என்ற இணையதளத்தில் 2018 ஏப்ரலில் தொடங்கி 2020 மே மாதம் முடித்தார். எட்டுத் தொகுதிகள், சீனத்தில் 44 லட்சம் எழுத்துகளுக்கு மேல். சோ மிங்ருய் என்ற இன்றைய சீன இளைஞன் ஒருநாள் வேறோர் உலகில், கிளைன் மோரெட்டி என்ற வரலாற்றுப் பட்டதாரியின் உடலில் கண்விழிக்கிறான். நெற்றிப்பொட்டில் தோட்டா துளைத்த காயம். மேசையில் ரிவால்வர். ஜன்னலுக்கு வெளியே சிவப்பு நிலா. திறந்து கிடக்கும் நோட்டில், எல்லோரும் சாகப்போகிறார்கள், தானும்தான் என்று ஒரு வரி. நாடு, நீராவி இயந்திரமும் எரிவாயு விளக்கும் கொண்ட, விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் சாயலில் அமைந்த லோயன் முடியரசு. அங்கே மந்திரபானம் அருந்தி அமானுஷ்ய ஆற்றல் பெறலாம். 22 பாதைகள். ஒவ்வொன்றிலும் ஒன்பதிலிருந்து பூஜ்யம்வரை படிகள். பூஜ்யத்தில் இருப்பவர் தெய்வம்.

உங்கள் நண்பர் சொல்லும் படிக்கட்டு இதுதான். அவர் பார்த்தது சரி, படிக்கட்டு இருக்கிறது. சீன மிகுபுனைவில் அது இல்லாத நாவல் அபூர்வம். தாவோ மரபின் உள்ரசவாதத்திலிருந்து எடுத்த சொற்களை வைத்து, மூச்சை வசப்படுத்துதல், அடித்தளம் அமைத்தல், உடலுக்குள் பொன்னுருண்டை திரளுதல், அதிலிருந்து சூட்சும சிசு பிறத்தல் என்று ஏறிக்கொண்டே போகும் கதைகள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் மேலே ஏறுவது என்றால் கூடுதல் பலம், அவ்வளவுதான். நேற்று அவமானப்படுத்தியவனை இன்று அடிக்கலாம். நாளை அவன் குருவை அடிக்கலாம். ஏறும் மனிதன் யார் என்ற கேள்வி வருவதே இல்லை.

இந்த நாவல் அந்தக் கேள்வியைப் படிக்கட்டுக்குள்ளேயே வைத்துவிட்டது. மந்திரபானத்தைக் குடித்தால் மட்டும் போதாது, அது செரிக்க வேண்டும். செரிக்க ஒரே வழி, அந்தப் படியின் பெயருக்குரிய வேடத்தை வாழ்ந்து பார்ப்பது. குறி சொல்பவன் என்ற படியில் இருக்கும் கிளைன் டிங்கன் நகரத்தின் ஜோதிடக் கழகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு குறி சொல்கிறான். விதியைக் கண்டு சொல்ல முடியும், விதிக்கு முன்னால் பணிவும் வேண்டும் என்பதை அந்த வேலையில்தான் கற்றுக்கொள்கிறான். அடுத்த படி கோமாளி. அந்த வேடத்தின் உள்ளுறை அவனுக்கு விளங்குவது டன் ஸ்மித்தை இழந்த பிறகு. வரப்போவதைக் கண்டும் தடுக்க முடியாதவன், கண்ணீரை மறைத்துக்கொண்டு சிரிக்கிறவன். முதல் தொகுதியின் பெயரே 'கோமாளி' என்பது அந்த இடத்தில் வந்து நம்மைத் தாக்குகிறது. இன்னொரு பக்கம் பிரபுவின் மகள் ஆட்ரி 'பார்வையாளர்' பாதையில் போகிறாள். மேடையில் ஏறாதே, கீழே இருந்து பார் என்பது அவளுக்கான விதி. செல்வத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அதைவிட வசதியான விதி எதுவும் இருக்க முடியாது. அவள் வளர்ச்சி முழுவதும் அந்த வசதியை விட்டு வெளியே வருவதில் இருக்கிறது.

வேடம் கட்ட வேண்டும். ஆனால் வேடம்தான் நான் என்று நம்பிவிட்டால் பித்துப் பிடிக்கும், உடல் உருக்குலைந்து அசுரமாகும். நடிக்காவிட்டாலும் பானம் மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஒவ்வொரு படியும் மனிதனிடமிருந்து கொஞ்சம் மனிதத்தை வாங்கிக்கொண்டுதான் மேலே விடுகிறது. விளையாட்டில் படி ஏறினால் இழப்பு ஏதும் இல்லை. இங்கே ஏற ஏற இழப்பு. உங்கள் நண்பருக்கு என் பதில் இதுதான். வேண்டுமானால் கிழவர் நீலைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்.

டிங்கனில் இரவுதேவியின் திருச்சபைக்காக வேலை செய்யும் சிறிய காவல் குழுவில் கிளைன் சேர்கிறான். அங்கே அவனுக்கு மந்திரக்கலை சொல்லிக்கொடுப்பவர் நீல். ரசித்துக் காபி குடிப்பவர். சடங்குக்கு வாங்கிய பொருளின் செலவை அலுவலகக் கணக்கில் எப்படி எழுதி வாங்குவது என்று இளைஞனுக்குக் கற்றுத்தருபவர். அந்தக் காட்சிகளில் நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். நடுவில் எப்போதோ ஒருமுறை, இறந்துபோன தன் காதலியைப் பற்றிப் பேசுகிறார். ஆசிரியர் அதை அழுத்தவே இல்லை, கடந்துபோகிறார். பிறகு ஒருநாள், அவளை மீட்டுக் கொண்டுவரத் தனியாக இத்தனை காலமும் முயன்றுகொண்டிருந்தார் என்பது தெரியவரும்போது நீல் மனிதராக இல்லை. அவரோடு காபி குடித்த சகாக்களே அவரைக் கொல்ல வேண்டியிருக்கிறது. வில்லன் யாரும் இல்லை. அன்புதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. தாங்கள் காவலர்கள், அதேநேரம் ஆபத்தோடும் பித்தோடும் ஓயாமல் மல்லுக்கட்டும் பரிதாபத்துக்குரியவர்கள் என்று டன் ஸ்மித் சொல்வதன் முழுப் பொருள் அங்கே திறக்கிறது. அந்த அத்தியாயத்தை வாசித்தபின் கிளைன் ஏறும் ஒவ்வொரு படியும் வாசகனுக்குப் பயமாக இருக்கும். மிகுபுனைவில் வளர்ச்சியைப் பயத்தோடு பார்க்கவைப்பது பெரிய சாதனை.

இரண்டாவது பலத்தை விமர்சகர்கள் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நாவலின் அடித்தளம். கணக்கு. ஒரு பவுண்டுக்கு 20 சோலி, ஒரு சோலிக்கு 12 பென்ஸ். பழைய ஆங்கிலேய நாணயக் கணக்கேதான். கிளைன் வாரச் சம்பளத்தை எண்ணுகிறான், வாடகையைக் கழிக்கிறான், குதிரைவண்டியில் போவதா நடப்பதா என்று யோசிக்கிறான். வேற்றுலகில் கண்விழித்தவன் முதலில் அக்கறைப்படுவது கம்பு ரொட்டியைப் பற்றியும், ஆட்டிறைச்சியும் பட்டாணியும் வாங்கித் தங்கைக்கும் அண்ணனுக்கும் ஒருவேளை நல்ல சாப்பாடு போட முடியுமா என்பதைப் பற்றியும். தங்கை மெலிசா தொழில்நுட்பப் பள்ளியில் படிக்கிறாள். அண்ணன் பென்சன் குமாஸ்தா. அவர்கள் இவனுடைய உண்மையான உடன்பிறப்புகள் இல்லை என்று இவனுக்கு மட்டும்தான் தெரியும். இருந்தும் அந்தச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்காரும்போது ஒரு குடும்பம் உருவாகிவிடுகிறது. பிரபஞ்சத்தைக் காப்பாற்றும் நாயகர்கள் நிறைய உண்டு. மாதக் கடைசியில் எதைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டவன் பிரபஞ்சத்தைக் காப்பாற்றப் போகும்போது, அவன் எதைக் காப்பாற்றுகிறான் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கணக்கு இரண்டாம் தொகுதியில் பேக்லண்ட் என்ற தலைநகரத்துக்கு விரிகிறது. தன் மரணத்திலிருந்து எழுந்த கிளைன் அங்கே தனியார் துப்பறிவாளனாக, ஷெர்லாக் மோரியார்ட்டி என்ற பெயரில் வாழ்கிறான். கிழக்குப் பகுதியின் சேரிகள், துணி வெளுத்துப் பிழைக்கும் லிவ், அவள் இரண்டு பெண்கள், வேலை போனபின் தெருவுக்கு வந்த முதியவர் கோலர். கிளைன் கோலருக்குக் கொஞ்சம் காசு கொடுத்துச் செய்தி சேகரிக்கச் சொல்கிறான். அந்தச் சின்ன வருமானத்தில் அவர் மறுபடியும் மனிதராக நிமிர்கிறார். புத்தாண்டுக்கு ஒரு பன்றித்தொடைக் கறி வாங்கும் அளவுக்கு. அப்போது பெரும்புகைமூட்டம் வருகிறது. அரண்மனையும் ரகசிய மதக்குழுக்களும் தத்தம் சடங்குகளுக்காகச் சேர்ந்து உருவாக்கிய கொலை அது. நிலக்கரிப் புகைக்குள் நஞ்சும் நோயும் கலந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. கோலர் சாகிறார். லிவ் சாகிறாள். அவளுடைய இரண்டு பெண்களில் ஒருத்தி, டெய்சி மட்டும் மிஞ்சுகிறாள். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் நீடித்த புகைமூட்டத்தில் உடனடியாக 4,000 பேர்வரை இறந்தார்கள்; பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. ஆசிரியர் அந்த வரலாற்றை எடுத்து, மூச்சு முட்டிச் செத்தவர்கள் யார் என்ற கேள்வியைப் போடுகிறார். செத்தவர்கள் ஏழைகள். திட்டம் தீட்டியவர்களுக்கு அவர்களுடைய பெயர்கூடத் தெரியாது. நாவல் முழுவதிலும் நான் மிக மதிப்பது இந்தப் பகுதியைத்தான்.

ரோசெல் பேரரசரின் நாட்குறிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். கிளைனுக்கு முன்பே அந்த உலகுக்கு வந்துவிட்ட இன்னொரு சீனர் அவர். நம் உலகின் கண்டுபிடிப்புகளையும் கவிதைகளையும் தன்னுடையவை என்று சொல்லிப் பேரரசரானவர். யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் சீனத்திலேயே நாட்குறிப்பு எழுதுகிறார். அதன் தாள்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்க, கிளைனிடம் முன்பின் மாறி ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. முதலில் ஒரு தற்பெருமைக்காரர், பெண்பித்தர். தாள்கள் சேரச் சேர, பயந்துபோன ஒரு தகப்பன், கடைசியில் தான் எழுதுவதை வாசிக்க ஒருவரும் இல்லாத உலகில் எழுதிக்கொண்டே இருந்த தனியன். தொடராக வெளிவரும் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தெரியவில்லை. வாசகனும் கிளைனும் ஒரே தவிப்போடு அடுத்த தாளுக்குக் காத்திருக்கிறார்கள்.

இனி குறைகள். உங்கள் அலுப்பின் முதல் காரணம் வெளிப்படையானது: உரைநடை. பெரும்பாலான பக்கங்களில் அது தகவல் சொல்லும் உரைநடை. கண்கள் சுருங்குகின்றன, உதட்டோரம் துடிக்கிறது, மூச்சு உள்ளிழுக்கப்படுகிறது, மறுபடியும் கண்கள் சுருங்குகின்றன. மந்திரபானத்தின் மூலப்பொருள்கள் பட்டியலாக வருகின்றன. ஒரு சம்பவம் நடக்கிறது, கிளைன் அதை மனதுக்குள் தொகுத்துச் சொல்லிக்கொள்கிறான், பிறகு திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சாம்பல்மூட்டத்தின் மேலுள்ள மாயவெளியில் அவன் தெய்வமாக வேடமிட்டு நடத்தும் ரகசியக் கூட்டமான டாரட் கழகம் கூடும்போது அதையே மற்றவர்கள் கேட்டு வியக்கிறார்கள். கழகத்தின் முதல் கூட்டங்கள் அருமையானவை. தான் தெய்வம் என்று நம்பவைக்க கிளைன் படும் பாடும், எதிரில் இருப்பவர்களின் பயமும் நாடகமாக அமைந்தவை. அதே வியப்பைத் தொகுதி தொகுதியாகத் திரும்பக் கொடுக்கும்போது அது வெறும் கைதட்டல் ஆகிறது. நாயகனைப் பார்த்து மற்ற பாத்திரங்கள் பிரமிப்பதை இவ்வளவு முறை வாசகனுக்குக் காட்டுவது, வாசகன்மீது நம்பிக்கையில்லாமல் செய்யும் காரியம்.

இதற்கு ஒரு பொருளாதாரம் இருக்கிறது. ச்சிதியன் 2003-இல் கட்டண வாசிப்பைக் கொண்டுவந்தது. ஆரம்ப அத்தியாயங்கள் இலவசம். அதன்பின் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு காசு என்று வாசகர் கொடுக்க வேண்டும். எழுத்தாளருக்கு வருமானம் எழுத்தின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டது. மாதாமாதம் வாசகர்கள் போடும் வாக்கு தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஒருநாள் விட்டால் வாசகர் அடுத்த தொடருக்குப் போய்விடுவார். இந்த நாவலின் மொத்த எழுத்தை அது வெளிவந்த நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,800 எழுத்துகள் வருகின்றன, இரண்டு வருடங்களுக்கு மேலாக. டிக்கன்ஸ் பெரும்பாலும் மாதப் பகுதிகளாக எழுதினார். கல்கி தன் பெரிய சோழ நாவலை 1950 முதல் 1954 வரை வாரத்துக்கு ஒரு பகுதியாகத் தந்தார். அவர்களுக்கு இடையில் மூச்சுவிட நாட்கள் இருந்தன. நேற்று வந்த அத்தியாயத்தை மறந்துவிட்டுப் பஸ்ஸில் மொபைலைத் திறக்கும் வாசகருக்கு நினைவூட்ட வேண்டிய கட்டாயம்தான் அந்தத் தொகுப்புகளும் மறுசொல்லல்களும். காரணம் புரிகிறது என்பதால் குறை இல்லாமல் போய்விடாது. தொடராக வாசித்தபோது உதவிய அதே பத்தி, தொடர்ந்து வாசிப்பவரின் வழியில் கிடக்கிறது. இந்த நாவலைப் பாதியாகக் குறைத்து ஒரு நல்ல பதிப்பாசிரியர் செப்பனிட்டால் அதன் உயரம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய குறை வேறு. நான்காம் தொகுதிக்குப் பிறகு கோலர்கள் மறைந்துவிடுகிறார்கள்.

கிளைன் உயர உயர, அவனைச் சுற்றி இருப்பவர்கள் அரைத்தெய்வங்கள், தேவதூதர்கள், பண்டைய வானவர்கள். அவர்களுடைய சூழ்ச்சிகள் நுட்பமானவை, ஆயிரம் அத்தியாயத்துக்கு முன் போட்ட முடிச்சு அவிழும்போது வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் ரொட்டி விலை எங்கே? மெலிசா எங்கே? அவளும் பென்சனும் பேக்லண்டிலேயே இருக்கிறார்கள், கிளைன் தூரத்திலிருந்து பார்க்கிறான். அது கொஞ்சகாலம் நெஞ்சைப் பிசைகிறது. பிறகு நாவலுக்கே அவர்களிடம் செய்ய வேலையில்லாமல் ஆகிறது. ஆசிரியருக்கு இந்த ஆபத்து தெரியும். அதற்காகவே நங்கூரம் என்ற கருத்தைக் கொண்டுவருகிறார்: தேவதூதர் நிலையை எட்டியவர் பித்துப் பிடிக்காமல் இருக்க, அவரை நம்பி நினைக்கும் மனிதர்கள் வேண்டும். பக்தர்களின் நினைவே அவரை மனிதராகக் கட்டி வைக்கிறது. எவ்வளவு ஆழமான கற்பனை! தெய்வம் பக்தனைக் காப்பதைவிட, பக்தன் தெய்வத்தைப் பித்திலிருந்து காக்கிறான். ஆனால் அந்த நங்கூரங்கள் பெரும்பாலும் முகமில்லாத கூட்டமாகவே வருகிறார்கள். கிளைனைக் கட்டி வைத்திருக்கும் ஒரு பக்தனின் வீட்டுக்குள், கோலரோடு நடந்ததுபோல நாவல் நடந்திருந்தால், பின்பாதி முன்பாதிக்கு இணையாக நின்றிருக்கும்.

இதே குறை ரோர்ஸ்டட் தீவுகளில் இன்னும் உறுத்துகிறது. லோயனின் காலனி அது. வாசனைப்பொருள் விளையும் மண். அங்கே ஆள்பவர்களுக்கு எதிராக உள்ளூர் மக்களின் இயக்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் கும்பிடும் கடல்தெய்வம் மடிகிறபோது அதன் செங்கோல் கிளைன் கைக்கு வருகிறது. அதன்பின் அவர்களுடைய பிரார்த்தனைகளுக்கு அவன் பதில் சொல்கிறான். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறான். என்றாலும் அந்த மக்கள் நம் கண்ணுக்குப் பிரார்த்தனை ஒளிப்புள்ளிகளாகத் தெரிகிறார்களே தவிர, தங்கள் வரலாற்றின் நாயகர்களாக வருவதில்லை. பீரங்கிக்கப்பல்களின் அவமானத்தைத் தானும் அனுபவித்த ஒரு நாட்டிலிருந்து வந்த நாவல் இது. அதன் நாயகன் பேரரசின் நகரம் ஒன்றில் விழித்து, காலனிக்குக் கப்பலில் போகிறான். அந்த முரணைத் தொட்டிருந்தால் வேறொரு ஆழம் கிடைத்திருக்கும். காலனியாக இருந்த நாட்டின் வாசகன் என்பதால் இந்த இடத்தில் என் எதிர்பார்ப்பு கூடுதல்தான். ஆனால் புகைமூட்டத்தை எழுதிய கையிடம் எதிர்பார்க்காமல் வேறு யாரிடம் எதிர்பார்ப்பது?

காதலும் உடலும் இந்த நாவலில் கிட்டத்தட்ட இல்லை. அதை நான் பெரிய குறையாகக் கொள்ளவில்லை, தனிமை கிளைனின் இயல்போடு பொருந்துகிறது.

பின்பாதியில் உச்சங்களே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளி நகரம் இருக்கிறது. தெய்வங்கள் கைவிட்ட நிலத்தில், சூரியனே இல்லாமல், மின்னல் வெளிச்சத்தில் காலத்தை எண்ணும் ஒரு மக்கள்கூட்டம். அங்கே சாகும் மனிதர் பேயாகாமல் இருக்க வேண்டுமானால் இரத்த உறவு தன் கையால் அவரைக் கொல்ல வேண்டும். சிறுவன் டெரிக் நமக்கு அறிமுகமாவதே பெற்றோரைக் கொல்லும் காட்சியில். கடைசியில் அந்த மக்கள் முதல்முறையாகச் சூரியனைப் பார்க்கும் இடத்தை நீங்கள் தள்ளிவிட்டுப் போயிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அங்கே படிக்கட்டு மறந்துபோகிறது. பிறர் உடலுக்குள் ஒட்டிக்கொள்ளும் எதிரி, ஒற்றைக்கண்ணாடி அணிந்த அமோன் வரும் பகுதிகளும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் அமோனா இல்லையா என்று சந்தேகிக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு சாதாரண உரையாடலும் நடுங்கவைக்கிறது.

முடிவும் எனக்குப் பிடித்தது. தான் வேற்றுலகுக்கு வரவில்லை, தன் பூமியேதான் யுகங்கள் கடந்து இப்படி ஆகியிருக்கிறது, திரும்பிப் போக வீடு என்று ஒன்று எங்கும் இல்லை என்று கிளைன் அறிகிறான். அத்தனை அத்தியாயங்களாக அவனை நடத்திவந்த ஊர்நினைப்பு ஒரே அடியில் துக்கமாக மாறுகிறது. இறுதியில் அவன் வெற்றிவிழா கொண்டாடவில்லை. தனக்குள் விழித்தெழப் பார்க்கும் பழைய வல்லமையை அடக்கி வைக்க உறக்கத்துக்குள் போகிறான். மேலே ஏறினால் மனிதத்தை இழப்பாய் என்று நீலின் மரணத்தில் சொன்னதை ஆசிரியர் கடைசிவரை மாற்றவில்லை. இந்த நேர்மைக்காகவே நடுவில் தளர்ந்த பக்கங்களை மன்னிக்கலாம்.

2025 ஜூனில் வரத் தொடங்கிய அனிமேஷன் தொடரைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி முடிவுசெய்ய வேண்டாம் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். முதல் தொகுதியைப் பதின்மூன்று பகுதிகளுக்குள் அடக்கியிருக்கிறார்கள். காட்சிகள் அழகு. ஆனால் கிளைன் சம்பளத்தை எண்ணும் நேரம் அதில் இல்லை. அந்த நேரம் இல்லாமல் டிங்கனை இழப்பதன் வலியும் முழுதாக வராது. அவரை நாவலின் முதல் தொகுதியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். ஆரம்ப அத்தியாயங்கள் மெதுவாகப் போகும். நீல் வரும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் ஆசை பற்றி. எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். 22 பாதைகளையும் படிகளையும் வரைபடம் போட்டுக்கொண்டு தொடங்காதீர்கள். அது சுலபமாக வரும், அதிலேயே மாதக்கணக்கில் கிடந்துவிடலாம். உங்கள் நாயகனுக்கு என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, அதில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று முதலில் எழுதிப்பாருங்கள். அவனுக்குக் கிடைக்கும் ஆற்றல் அவனிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதை முடிவுசெய்யுங்கள். அவன் பித்தாகிவிட்டால் அவனைக் கொல்ல வேண்டிய நண்பன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அலுவலகம், பஸ், வாசகர் வட்டம் எதுவானாலும் நீங்கள் தினமும் பார்ப்பதிலிருந்து அந்த உலகத்துக்கு ஒரு வாசல் வையுங்கள். இணையத்தில் தொடராகப் போடுவதானால், குறைந்தது முதல் பகுதி முழுவதையும் எழுதி, வெட்டி, திருத்தி வைத்துக்கொண்டபின் போடத் தொடங்குங்கள். தமிழில் உங்களுக்கு எழுத்தெண்ணிக் காசு கொடுப்பவர் யாருமில்லை. அதனால் நீட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் பகுதி முடிந்ததும் அனுப்புங்கள், வாசிக்கிறேன்.

அன்புடன்.